சனிக்கிழமை மேசை

கண்டியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வாத்தியாராகச் சேர்ந்த முதல் வாரமே, சனிக்கிழமை மத்தியானம் பாதிரியார் வீட்டில் சாப்பிட வரவேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். சாப்பாடு என்றதும் சந்தோஷமாகத்தான் போனேன். திரும்பி வரும்போது பசியோடு வந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்கு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. கலியாணம் முடிந்து ஏழு மாதம். மிஷன் வளவுக்குக் கீழே ஓர் அறையும் குசினியும் விறாந்தையுமாக ஒரு சிறிய வீடு தந்திருந்தார்கள். குளிரும் மழையும் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் என் சம்பளத்தையும், என்னை "வாத்தியார்" என்று ஊரார் அழைப்பதையும் அவள் பெருமையாகவே நினைத்தாள்.

பாதிரியாரின் மனைவியை நாங்கள் மிசியம்மா என்போம். ஒல்லியான, வேகமாக நடக்கிற, நல்ல மனசுள்ள பெண். புத்தகத் தமிழ் பேசுவார். அவருடைய மேசையில் வெள்ளை விரிப்பு, பீங்கான் தட்டு, இடப்பக்கம் முள்ளுக்கரண்டி, வலப்பக்கம் கத்தி, மடித்து வைத்த துவாய் எல்லாம் இருந்தன. துவாயை மடியில் விரிக்க வேண்டும். ஜெபம் முடிந்து அவர் கரண்டியைத் தொட்ட பிறகே மற்றவர்கள் தொடலாம். முழங்கை மேசையில் படக்கூடாது. வாயை மூடி மெல்ல வேண்டும். ஏப்பம் விடவே கூடாது. இதெல்லாம் ஒரு மாதிரிப் பழகிவிடும். என்னால் முடியாமல் போனது இடது கை. இறைச்சியை வலக்கையால் வெட்டி இடக்கையால் முள்ளில் குத்தி வாய்க்குக் கொண்டுபோக வேண்டுமாம். பிறந்த நாள் முதல் சோற்றுப் பக்கம் கொண்டுபோகாத கை அது. வாய் வரைக்கும் வரும், வாய் திறக்காது. அந்த முதல் சனிக்கிழமை நான்கு வாய் சாப்பிட்டிருப்பேன்.

தலைமை வாத்தியாரோ அதில் கெட்டிக்காரர். எங்கள் ஊர்ப் பக்கத்தவர்தான். என்னைவிட இருபது வயது மூத்தவர். இடக்கையில் முள்ளைப் பிடித்தபடி, மிசியம்மாவோடு பேசிக்கொண்டே, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுவார். என் தடுமாற்றத்தைப் பார்த்து, சாதி ஆசாரம் எல்லாம் மூடத்தனம் தம்பி, இடக்கை என்ன வலக்கை என்ன, கடவுள் தந்த கைதானே என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இந்த மேசையில் கடவுளின் வேலை செய்கிற எல்லோரும் சமமாக உட்காருவார்கள், ஒரு வித்தியாசமும் இல்லை என்று பாதிரியார் அன்றைக்குச் சொன்னார். தலைமை வாத்தியார்தான் சத்தமாக ஆமென் சொன்னார். மேசையில் இருந்த வாத்திமார் மூவரும் ஒரே பக்கத்து ஊர்க்காரர், ஒரே மாதிரி ஆட்கள். எங்களுக்குள் வித்தியாசம் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வருஷம் ஹந்தானை மலைக் கோப்பித் தோட்டங்களில் வேதம் சொல்ல ஓர் உபதேசியாரை நியமித்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். சிறு பிள்ளையாக இருக்கும்போது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியாவிலிருந்து கடல் கடந்து, காட்டுப் பாதையில் நடந்து வந்தவர். கோப்பிப் பழம் பறித்து வளர்ந்து, கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பள்ளியில் எழுத்துக் கற்று, வேதத்தில் பாதியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவராக இருந்தார். குரல் நன்றாக இருக்கும். அவர் என்ன சாதி என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ளும் வித்தை எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

முதல் சனிக்கிழமை மிசியம்மா அவரைத் தலைமை வாத்தியாருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்காரச் சொன்னார். விடியற்காலையில் இரண்டு தோட்டம் சுற்றிவிட்டு மலையிறங்கி வந்திருந்தார். காலில் அட்டை கடித்த இடங்களில் இரத்தம் காய்ந்திருந்தது. ஜெபம் முடிந்தது. நாங்கள் துவாயை விரிப்பதற்குள் அவர் கை சோற்றில் இருந்தது. பிசைந்து, உருட்டி, வேகவேகமாக உண்டார். நான் முள்ளைக் கையில் எடுத்து நிமிர்ந்தபோது அவர் பீங்கானில் பாதி காலி. கடைசியில் பீங்கானைத் தூக்கி மிச்சக் குழம்பைச் சத்தத்தோடு குடித்தார். பிறகு சுற்றிப் பார்த்தார். எல்லோருடைய பீங்கானும் நிறைந்திருந்தது. அவர் முகம் கறுத்ததை நான் பார்த்தேன்.

மிசியம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். தலைமை வாத்தியார் கத்தியையும் முள்ளையும் ஓசையில்லாமல் பீங்கானில் வைத்தார். வயிறு சரியில்லை என்றார். அதற்குப் பிறகு அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை மிசியம்மா என்னைக் கூப்பிட்டார். தலைமை வாத்தியார் வந்து பேசினாராம். மேசைப் பழக்கம் தெரியாத மனிதரை நடுவில் உட்கார்த்தி வெட்கப்படுத்துவது அன்பான காரியமில்லை, பழகும் வரைக்கும் அவருக்கு விறாந்தையில் ஒரு சின்ன மேசை போடலாம் என்றாராம். மிசியம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டிருந்தது. உபதேசியார் புதன்கிழமைகளில் புத்தகக்கட்டு எடுக்கப் பட்டணத்துக்கு வருவார். அப்போது என் வீட்டில் வைத்து நான் அவருக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு பீங்கான், முள்ளு, கத்தி, கரண்டி, துவாய் எல்லாவற்றையும் ஒரு கூடையில் வைத்துத் தந்தார்.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கே சரியாக வராத வித்தை என்றாவது சொல்லியிருக்கலாம். சரி என்று கூடையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பள்ளிக்கூட விறாந்தையில் தலைமை வாத்தியார் நின்றார்.

"உமக்குத்தான் பொறுமை இருக்கு, தம்பி," என்றார். "ஆறுதலாப் படிப்பியும். ஒரு வருஷம் எடுத்தாலும் பரவாயில்லை."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. விளங்காதது போலத் தலையாட்டினேன்.

வீட்டுக்குப் போனால் மனைவி கூடையைப் பார்த்தவுடனேயே விஷயத்தைப் பிடித்துவிட்டாள். அவள் சத்தம் போடுகிறவள் இல்லை.

"படிப்பிக்கிறதெண்டால் விறாந்தையிலை வைச்சுப் படிப்பியுங்கோ," என்றாள். "சமைச்சுத் தாறன். எடுத்துக்கொண்டு போய் நீங்களே போடுங்கோ. அந்தக் கூடை குசினிக்குள்ளை வரக்கூடாது."

நான் வேதத்திலிருந்து இரண்டு வசனம் சொன்னேன். அவளுக்கும் அந்த வசனங்கள் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். அரிசி களையப் போய்விட்டாள். அவள் மேல் வந்த கோபத்தைவிட, அவள் சொன்ன ஏற்பாடு எனக்கும் வசதியாக இருந்ததே, அந்த எரிச்சல்தான் எனக்கு அன்றைக்கு அதிகம்.

இப்படியாக ஐந்து புதன்கிழமை நடந்தது. விறாந்தையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கினேன். அவர் ஒரு முக்காலியில் உட்காருவார். நான் சோறும் பருப்பும் மீனும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே நிற்பேன். துவாயை இப்படி, கத்தியை இப்படி என்று சொல்வேன். இரண்டாம் புதன்கிழமையே அவருடைய இடது கை என்னுடையதைவிட நன்றாக வேலை செய்தது. மெதுவாக உண்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கரண்டியை வைத்துவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். நடந்து வந்த வழியில் நின்றால் கூட்டம் போய்விடும், அதனால் தாய் நடந்துகொண்டே ஊட்டினாளாம். தோட்டத்தில் வேலைக்குக் கூப்பிடும் தப்பு அடிப்பதற்குள் உண்டு முடிக்க வேண்டும், பிந்தினால் அரைப் பேராகிவிடும், பாதிக் கூலிதான். உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது என்று யோசித்தால், தாய் செத்த பதினாறாம் நாள்தான் ஞாபகம் வருகிறது என்றார். மனக்குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

நாலாவது புதன்கிழமை, மீன் முள்ளை வாயிலிருந்து துவாய்க்குள் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? நீங்க ஏன் என்கூட ஒக்காந்து சாப்பிடுறதில்ல?"

குசினிக் கதவுக்குப் பின்னால் என் மனைவி நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"படிப்பிக்கிறவன் பார்த்துக்கொண்டு நிக்கவேணும்," என்றேன்.

"சரிங்க," என்றார். மறுபடியும் முள்ளுக்கரண்டியை எடுத்தார்.

ஐந்தாம் வாரம் மிசியம்மாவிடம் போய், அவர் பழகிவிட்டார் என்று சொன்னேன். அதையாவது நேர்மையாகச் செய்தேன். மிசியம்மா சந்தோஷப்பட்டு, விறாந்தை மேசையை எடுக்கச் சொல்லி, அந்தச் சனிக்கிழமையே அவரை உள்ளே உட்கார வைத்தார். பாதிரியார் அப்போது வெளித் தோட்டங்களுக்குப் போயிருந்தார். உபதேசியார் ஒரு குறையில்லாமல் சாப்பிட்டார். மிசியம்மா தண்ணீர்க் குவளையை எடுக்கும்வரை தன் குவளையைத் தொடவில்லை. தான் உப்பு எடுக்குமுன், வேண்டுமா என்று கேட்கப் பக்கத்தில் திரும்பினார். பக்கத்தில் ஆள் இல்லை. தலைமை வாத்தியாருக்கு வயிற்று வலி என்று காலையிலேயே சீட்டு வந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தாளிகள். அதற்கு அடுத்தது மூன்றாம் வாத்தியாருக்குப் பல்வலி. தலைமை வாத்தியாருக்குத் தடிமன். ஆறு பேருக்குப் போட்ட மேசையில் மிசியம்மா, உபதேசியார், நான் என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். மிசியம்மா சமையலில் குறை என்று நினைத்துக்கொண்டார். இறைச்சியைக் குறைத்துக் கறியைக் கூட்டினார். பிறகு எங்கள் ஊர்ச் சொதி வைக்கச் சமையல்காரனுக்குச் சொன்னார். ஒருநாள் சாப்பாடு முடிந்ததும் என்னை நிறுத்தி, ஏன் அவர்கள் வருவதில்லை, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். மழைக்காலம் அம்மா, சுகமில்லை என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

பிறகு ஒரு சனிக்கிழமை, தோட்டத்தில் காய்ச்சல் பரவியிருப்பதால் உபதேசியார் இறங்கி வரமாட்டார் என்று செய்தி வந்தது. அன்றைக்குத் தலைமை வாத்தியாரும் மூன்றாம் வாத்தியாரும் சுகமாகி வந்து உட்கார்ந்தார்கள். மிசியம்மாவின் முகம் மலர்ந்தது. பரிமாறி, ஜெபம் சொல்லி, நாங்கள் சாப்பிடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் காலடி கேட்டது. உபதேசியார் நின்றார். தலையிலிருந்து மழைத் தண்ணீர் வடிந்தது. கால் முழங்கால் வரைக்கும் சேறு. வாசல் தொட்டியில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, பிந்தியதற்கு மன்னிக்கச் சொன்னார்.

தலைமை வாத்தியார் அவரைப் பார்க்கவில்லை. மிசியம்மாவைப் பார்த்து, அவருக்கும் விளங்கும்படி தமிழிலேயே சொன்னார்.

"மேசைக்குப் பிந்தி வாறது மரியாதை இல்லை, அம்மா. அதை இவருக்குப் படிப்பிக்கேல்லைப் போலை."

மிசியம்மா தடுமாறினார். அது அவருடைய சட்டம்தான். உபதேசியார் அவர்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மிசியம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"காலையில ஒரு புள்ளைய அடக்கம் பண்ண வேண்டியதாப் போச்சுங்க. அதான் தாமதம்."

மிசியம்மா எழுந்து தாமே கதிரையை இழுத்து உட்காரச் சொன்னார். அது மறுபடியும் தலைமை வாத்தியாருக்குப் பக்கத்துக் கதிரைதான். பாதிரியாரின் கதிரையைத் தவிர வேறு இடம் காலியில்லை. அவர் உட்கார்ந்தார். தலைமை வாத்தியார் கத்தியையும் முள்ளையும் ஒன்றாகச் சேர்த்துப் பீங்கானில் வைத்தார். துவாயால் வாயின் இரண்டு ஓரங்களையும் ஒற்றினார். துவாயை நாலாக மடித்தார். எழுந்து, கதிரையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி, மிசியம்மாவுக்குத் தலை வணங்கி, போக உத்தரவு கேட்டு வெளியே போனார். ஒரு குறை சொல்ல முடியாது. மூன்றாம் வாத்தியார் பாதிச் சாப்பாட்டில் பின்னாலேயே போனார். அவர் துவாய் கீழே விழுந்து கிடந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. ஒரு வார்த்தையும் பேசவுமில்லை. உபதேசியார் துவாயை விரித்து, தலை குனிந்து தனியாக ஜெபம் சொல்லிவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழே வைத்து வைத்து, பீங்கானில் போட்டதை முழுவதும் உண்டார். அவர் முடிக்கும்வரை மிசியம்மா தன் முள்ளைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார், சாப்பிடாமல். உபதேசியார் போன பிறகு, இது மேசைப் பழக்கத்தைப் பற்றியதா என்று என்னிடம் கேட்டார். இல்லை அம்மா என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டு விறாந்தையையும் சொன்னேன். அவர் அழவில்லை. இத்தனை வாரமாக நீங்கள் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார்.

பாதிரியார் திரும்பி வந்தார். தலைமை வாத்தியார் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்வேன் என்றார். அவர் போனால் பட்டணத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் அவரோடு போய்விடுவார்கள். இரண்டு வாரம் யோசித்த பின் பாதிரியார், செலவு கூடிவிட்டதால் சனிக்கிழமைச் சாப்பாடு நிறுத்தப்படுகிறது என்று அறிவித்தார். உபதேசியாருடைய புத்தகக்கட்டை ஆள் மூலம் அனுப்பிவிடுவதாகவும், அவர் வீணாக மலையிறங்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். கூடையை நான் திருப்பிக் கொடுத்தேன்.

மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஹந்தானைக்கு ஏறினேன். கோப்பிச் செடிகள் பூத்திருந்தன. லயத்தில் அவருடைய அறை கடைசி. "வாங்க, வாங்க," என்று பாயை உதறிப் போட்டார். அவர் மனைவி கைகழுவத் தண்ணீர் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, கருவாட்டுக் குழம்பு மணந்தது. எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது இரண்டு வாழைப்பழம், தோல் உரிக்காமல்.

தோலோடு இருக்கும் பழத்தை யார் கையிலிருந்தும் வாங்கலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. நான் சங்கடப்படக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. சோறு போடுங்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன் என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். அவர் மனைவி பயந்து அவரைப் பார்த்தாள்.

"இன்னிக்கு வேணாங்க, ஐயா," என்றார் அவர். "கோவத்துல சாப்பிட்டா ஒடம்புல ஒட்டாது. இன்னொரு நாளைக்குப் பசியோட வாங்க."

பழத்தைத் தின்றுவிட்டு இறங்கினேன். வழியெல்லாம் அவர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாரே என்றுதான் பொருமினேன். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான், ஐந்து புதன்கிழமை அவர் என் விறாந்தையிலிருந்து எப்படித் திரும்பிப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், காலையில் ஒன்றும் உண்ணாமல் மறுபடியும் ஏறினேன். அன்றைக்குச் சோறு போட்டார்கள். தகரத் தட்டில் சோறும் கீரையும் கருவாட்டுக் குழம்பும். அவரும் நானும் அவர் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்தோம். கையால்தான் சாப்பிட்டோம். அவர் தன் தட்டைத் தொடாமல் எனக்காகக் காத்திருந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மறைக்காமல் சொன்னேன். எட்டு நாள் என் தட்டையும் குவளையையும் தனியாக ஒரு மூலையில் வைத்தாள். ஒன்பதாம் நாள் அலுத்துப்போய் எல்லாவற்றோடும் சேர்த்துக் கழுவினாள்.

சில வருஷங்களில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி போல ஒரு நோய் வந்தது. ஹந்தானையில் இலை கொட்டிச் செடிகள் குச்சியாக நின்றன. துரைமார் தோட்டங்களைக் கைவிட்டார்கள். உபதேசியார் இருந்த தோட்டத்து ஆட்கள் வேறு சீமைக்கு வேலை தேடிப் போகிறார்கள், வியாழக்கிழமை மத்தியானம் பட்டணத்தின் வழியாகப் போவார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் நம் வீட்டில், உள்ளே, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். சண்டைக்குத் தயாராக இருந்தேன்.  அவள் காலையிலேயே குசினிக்குள் போனாள். பலாக்காய் வெட்டும் சத்தம் கேட்டது.

குளத்துக்கரை வீதியில் காத்து நின்றேன். முப்பது பேர் இருக்கும். மூட்டைகள், பானைகள், பிள்ளைகள், ஒரு கிழவியைத் தூளியில் சுமந்து வந்தார்கள். அவர் கடைசியில் வந்தார். நரைத்துவிட்டிருந்தார். வீட்டுக்கு வாருங்கள், மனைவி சமைத்திருக்கிறாள், உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொன்னேன். உள்ளே என்ற சொல்லை இரண்டு முறை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதில்லை.

"ஐயா சொன்னதே போதுங்க," என்றார். "இத்தன பேரும் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. நான் மட்டும் எப்பிடிங்க ஒக்கார்றது?"

முப்பது பேரையும் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் இருந்தது நாலு பேருக்கான சோறு. ஓடிப்போய் ஒரு கடையில் இருந்த பாண் ரொட்டியை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர்கள் நிற்காமல் நடந்துகொண்டே பிய்த்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். அவர் கடைசியாக ஒரு துண்டை வாங்கிக்கொண்டு திரும்பிக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். அறைக்குள் மேசை போட்டு இரண்டு பீங்கான் வைத்திருந்தாள்.

"வரேல்லையோ?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் வாசலுக்குப் போய் வீதியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு அந்த இரண்டாவது பீங்கானில் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கறியில் உப்புக் கூடியிருந்தது. இருவரும் மிச்சம் வைக்காமல் உண்டோம்.